கேமரா முன்னால் வேகம்: 'வேண்டாம்' என்று சொல்லும் துணிச்சல் எங்கே?



2006-ஆம் ஆண்டு செப்டம்பர் 20. இங்கிலாந்தின் யார்க் நகருக்கு அருகே எல்விங்டன் என்ற பழைய விமானத் தளம். பிபிசியின் 'டாப் கியர்' நிகழ்ச்சிக்காக அறிவிப்பாளர் ரிச்சர்ட் ஹேமண்ட் ஒரு காரில் அமர்ந்திருந்தார். காரின் பெயர் 'வேம்பயர்'. அதில் பொருத்தப்பட்டிருந்தது விமானத்துக்குரிய ரோல்ஸ் ராய்ஸ் ஜெட் இஞ்சின். அன்று அது ஏழாவது ஓட்டம். மணிக்கு 288 மைல், அதாவது சுமார் 463 கிலோமீட்டர் வேகத்தில் போய்க்கொண்டிருந்தபோது முன்பக்க வலது டயர் போய்விட்டது. கார் ஓடுபாதையை விட்டு விலகி உருண்டு, புல்தரையில் தலைகீழாகக் கிடந்தது.

அப்போது ஹேமண்டுக்கு வயது 36. வீட்டில் மனைவியும் இரண்டு சிறு மகள்களும் இருந்தார்கள். ஹெலிகாப்டர் ஆம்புலன்ஸ் அவரை லீட்ஸ் மருத்துவமனைக்குக் கொண்டு சென்றது. தலைக்குள் பலத்த காயம். நினைவின்றிக் கிடந்தார். உயிர் பிழைத்தார். ஆனால் நினைவாற்றலும் மனநிலையும் பழைய நிலைக்குத் திரும்ப நெடுநாள் பிடித்தது. அந்த நாட்களைப் பற்றி அவரும் மனைவியும் சேர்ந்து பின்னர் ஒரு புத்தகமே எழுதினார்கள்.

இது வெளிநாட்டுச் செய்தி, இருபது ஆண்டுப் பழைய செய்தி, இதைக் கிள்ளானில் இருப்பவர்கள் ஏன் கேட்க வேண்டும் என்று சிலர் நினைக்கலாம். கேட்க வேண்டிய காரணம் இருக்கிறது.

திறமை போதவில்லை

மணிக்கு 463 கிலோமீட்டர் என்றால் ஒரு விநாடிக்கு சுமார் 128 மீட்டர். ஒரு கால்பந்துத் திடலின் நீளத்தை விட அதிகம். "ஐயோ" என்று சொல்லி முடிப்பதற்குள் ஒரு திடலைத் தாண்டியாகிவிடும்.

விபத்தை பிரிட்டனின் தொழிலிடப் பாதுகாப்பு அமைப்பு விசாரித்தது. ஹேமண்ட் என்ன தவறு செய்தார் என்று தேடியவர்களுக்குக் கிடைத்த விடை வியப்பானது. அவர் சரியாகத்தான் செயல்பட்டிருந்தார். பிரேக்கை மிதித்தார், சறுக்கிய திசையை அறிந்து ஸ்டியரிங்கைத் திருப்பினார், பயிற்சியில் சொல்லிக்கொடுத்தபடி பாராசூட் விசையையும் இழுத்தார். பாராசூட் விரிவதற்குத்தான் நேரம் இல்லை. மனிதரால் முடிந்த வேகத்தில் செயல்பட்டிருந்தாலும் அந்த விபத்தைத் தவிர்த்திருக்க முடியாமல் போயிருக்கலாம் என்றே அறிக்கை கூறியது.

நேயர்களே, இந்த இடத்தில் சற்று நின்று யோசிக்க வேண்டும். "எனக்கு நன்றாக ஓட்டத் தெரியும், எனக்கு ஒன்றும் ஆகாது" என்பதுதான் வேகப் பிரியர்கள் எல்லாரும் சொல்லும் வாதம். ஹேமண்டுக்கும் ஓட்டத் தெரியும். அவர் அமர்ந்திருந்த கார் வேகத்துக்கென்றே கட்டப்பட்டது. எதிரே லாரி இல்லை, குறுக்கே மாடு இல்லை, பக்கத்தில் மீட்புக் குழு தயாராக இருந்தது. அத்தனையும் இருந்தும், ஒரே ஒரு டயர் கைவிட்டபோது அவருடைய திறமையால் ஒன்றும் செய்ய முடியவில்லை.

அதே அறிக்கை இன்னொன்றையும் சுட்டிக்காட்டியது. ஆபத்தை முன்கூட்டியே மதிப்பிடுவதிலும், வெளியிலிருந்து சேவை பெறும்போது பாதுகாப்பை உறுதி செய்வதிலும் பிபிசியின் ஏற்பாடுகளில் குறைகள் இருந்தன. வழக்கு எதுவும் தொடரப்படவில்லை. ஆனால் பாடம் பதிவாகிவிட்டது.

பதிவான பாடம் படிக்கப்பட்டதா?

2007 ஜனவரி 28-ஆம் தேதி 'டாப் கியர்' மீண்டும் ஒளியேறியது. விபத்துக் காட்சி அதில் இடம்பெற்றது. பிரிட்டனில் சுமார் 80 லட்சம் பேர் பார்த்தார்கள். ஹேமண்ட் நடந்து வந்ததைக் கண்டு மகிழ்ந்தவர்கள்தான் பெரும்பாலோர். அவரைக் காப்பாற்றிய ஹெலிகாப்டர் ஆம்புலன்ஸ் சேவைக்கு ரசிகர்கள் ஒரு லட்சம் பவுனுக்கு மேல் அள்ளிக் கொடுத்தார்கள். அது மனிதநேயம். ஆனால் தொலைக்காட்சித் தொழில் அந்த 80 லட்சம் என்ற எண்ணை வேறு விதமாகவும் படிக்கும். ஆபத்து இருந்தால் கூட்டம் வரும் என்று படிக்கும்.

அதன் விளைவு பின்னால் தெரிந்தது. 2017 ஜூன் மாதம் சுவிட்சர்லாந்தில் வேறொரு நிகழ்ச்சிப் படப்பிடிப்பில் ஹேமண்ட் ஓட்டிய மின்சார ஸ்போர்ட்ஸ் கார் மலைச்சரிவில் உருண்டது. காரிலிருந்து வெளியே வந்த பின் அது தீப்பற்றி எரிந்தது. முழங்கால் எலும்பு முறிவோடு தப்பினார்.

அடுத்தவர், இங்கிலாந்துக் கிரிக்கெட் வீரர் ஆண்ட்ரூ பிளின்டாப். பந்து வீச்சில் உலகையே மிரட்டியவர். 2019-இல் 'டாப் கியர்' அறிவிப்பாளராக வந்தார். அந்த ஆண்டு செப்டம்பரில், அதே எல்விங்டன் தளத்தில், மூன்று சக்கர வண்டியில் மணிக்கு சுமார் 200 கிலோமீட்டர் வேகத்தில் பாதையை விட்டு விலகினார். காயமில்லை. படப்பிடிப்பு தொடர்ந்தது. 2022 டிசம்பர் 13-ஆம் தேதி டன்ஸ்போல்ட் தளத்தில், கூரையில்லாத இன்னொரு மூன்று சக்கரக் கார் கவிழ்ந்தது. இந்த முறை முகமும் விலா எலும்பும் சிதைந்தன. மாதக்கணக்கில் அவர் வெளியே தலைகாட்டவில்லை. அவருக்குச் சுமார் 90 லட்சம் பவுன் இழப்பீடு கிடைத்ததாக 2023-இல் பிரிட்டிஷ் நாளேடுகள் எழுதின. அதே ஆண்டு நவம்பரில், நிகழ்ச்சியைக் காலவரையின்றி நிறுத்தி வைப்பதாக பிபிசி அறிவித்தது.

2025-இல் வெளிவந்த ஆவணப்படத்தில் பிளின்டாப் மனம் திறந்தார். விளையாட்டிலும் தொலைக்காட்சியிலும் மனிதன் வெறும் சரக்காகிவிடுகிறான், யாரும் பார்க்காத காட்சி வேண்டும், இன்னும் பெரிதாக வேண்டும் என்ற பசி அடங்குவதே இல்லை என்ற பொருளில் பேசினார்.

இத்தனைக்கும் பிபிசிக்கு இது முதல் பாடம்கூட அல்ல. 1986 நவம்பரில், அதன் சனிக்கிழமை மாலை நிகழ்ச்சி ஒன்றில் சாகசம் செய்ய முன்வந்த ஒரு நேயர், ஒத்திகையின்போதே உயிரிழந்தார். அந்த நிகழ்ச்சி அத்தோடு நின்றுபோனது. 1986, 2006, 2022. ஒவ்வொரு தலைமுறையும் அதே பாடத்தைப் புதிதாகப் படிக்கிறது. கட்டணத்தை மட்டும் வேறு யாரோ ஒருவர் தன் உடம்பால் கட்டுகிறார்.

தமிழர் உலகில்

வெள்ளைக்காரர் கதையோடு முடியவில்லை. 2025 ஜூலை 13-ஆம் தேதி, தமிழ்நாட்டின் நாகப்பட்டினம் மாவட்டத்தில் 'வேட்டுவம்' படப்பிடிப்பில் காரைக் கவிழ்க்கும் காட்சி எடுக்கப்பட்டது. அதில் சண்டைக் கலைஞர் எஸ்.எம்.ராஜு உயிரிழந்தார். பல ஆண்டு அனுபவம் உள்ளவர். திரையில் கதாநாயகன் பெயர் பெரிதாக வரும். காரோடு உருளும் மனிதரின் பெயர் இறந்த பிறகுதான் ஊருக்குத் தெரிய வருகிறது.

இன்றைக்கு அறிவிப்பாளர் ஆவதற்குத் தொலைக்காட்சி நிலையமும் தேவையில்லை. கைப்பேசி போதும். தமிழ்நாட்டு யூடியூபர் டி.டி.எஃப். வாசனுக்கு லட்சக்கணக்கான இளைஞர்கள் ரசிகர்கள். 2023 செப்டம்பரில் காஞ்சிபுரம் அருகே நெடுஞ்சாலையில் முன்சக்கரத்தைத் தூக்கி ஓட்டியபோது விழுந்து கை முறிந்தது. கைது செய்யப்பட்டார். அவருடைய ஓட்டுநர் உரிமம் 10 ஆண்டுகளுக்கு நிறுத்தி வைக்கப்பட்டது.

எல்விங்டனில் ஹேமண்ட் விழுந்தபோது அவர் மட்டும்தான் விழுந்தார். நெடுஞ்சாலையில் ஒருவர் விழுந்தால் பின்னால் வருபவர் யார்? வேலை முடிந்து திரும்பும் ஒரு தாய். டியூஷனிலிருந்து பிள்ளையை ஏற்றி வரும் தகப்பன். அவர்கள் சாகசத்துக்கு ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டவர்கள் அல்லர்.

கிள்ளான் சாலையில் ஒரு கணக்கு

நம் நாட்டில் சாலை விபத்துகளில் ஆண்டுக்கு ஏறக்குறைய 6,000 பேர் உயிரிழக்கிறார்கள். பத்தில் ஆறு பேருக்கு மேல் மோட்டார் சைக்கிளில் போனவர்கள். மாட் ரெம்பிட் என்றாலே மலாய் இளைஞர்கள் என்று ஒதுங்கிக்கொள்ள முடியாது. நள்ளிரவில் கூட்டரசு நெடுஞ்சாலையில் சீறும் கூட்டத்தில் நம் வீட்டுப் பிள்ளைகளும் இருக்கிறார்கள். முன்பு வேடிக்கை பார்க்க நண்பர்கள் நாலு பேர் இருந்தார்கள். இப்போது தலைக்கவசத்தில் கேமரா இருக்கிறது. பார்ப்பவர் எண்ணிக்கை ஏறினால் வேகமும் ஏறுகிறது.

அவர்களுக்கு ஒரு எளிய கணக்கு. கோலாலம்பூரிலிருந்து கிள்ளானுக்குக் கூட்டரசு நெடுஞ்சாலை சுமார் 45 கிலோமீட்டர். மணிக்கு 90 கிலோமீட்டரில் போனால் 30 நிமிடம். 150-இல் பறந்தால் 18 நிமிடம். மிச்சமாவது 12 நிமிடம். ஒரு தே தாரேக் ஆறுகிற நேரம். ஆனால் மோதினால் வெளிப்படும் ஆற்றல் ஏறக்குறைய மூன்று மடங்காகிவிடும். வேகம் ஒரு மடங்கு கூடினால் ஆற்றல் நான்கு மடங்காகும் என்பது இடைநிலைப்பள்ளிப் பாடம். படித்தது தேர்வுக்கு மட்டும் என்று நினைத்தால் என்ன செய்வது?

சட்டமும் விளையாட்டுக் காட்டுவதில்லை. 1987-ஆம் ஆண்டுச் சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் 42-ஆம் பிரிவின்படி, ஆபத்தாக ஓட்டினாலே 5,000 முதல் 15,000 ரிங்கிட் வரை அபராதமும் 5 ஆண்டு வரை சிறையும் கிடைக்கும். உயிர்ச்சேதம் ஏற்பட்டால் 41-ஆம் பிரிவு பாயும். 2020-இல் கடுமையாக்கப்பட்ட பிறகு அதற்கு 5 முதல் 10 ஆண்டு சிறை.

வேகத்தின் மீது ஆசையே கூடாது என்று யாரும் சொல்லவில்லை. அந்த ஆசைக்கு நம் நாட்டில் இடம் உண்டு. செப்பாங் பந்தயத் தடம் 1999-இல் திறக்கப்பட்டது. 1994-இல் தொடங்கிய கப் பிரி மோட்டார் சைக்கிள் பந்தயம் சிறிய மோட்டார்களில் ஓட்டும் பிள்ளைகளுக்குப் படிக்கட்டாக இருக்கிறது. சிலாங்கூர் பையன் ஹாபிஸ் ஷாரின் 2018-இல் உலக மோட்டோ ஜிபி பந்தயம் வரை போனார். கரம்ஜிட் சிங் புரோட்டோன் காரை ஓட்டி 2002-இல் உலக ரேலியின் ஒரு பிரிவில் வாகை சூடினார். அவர்கள் கோழைகளா?

தடத்திலும் ஆபத்து இல்லாமல் இல்லை. 2011 அக்டோபர் 23-ஆம் தேதி இதே செப்பாங்கில், மருத்துவர்கள் பக்கத்திலேயே இருந்தும், இத்தாலிய வீரர் மார்கோ சிமோன்செல்லி 24 வயதில் உயிரிழந்தார். அத்தனை பாதுகாப்பு இருக்கும் இடத்திலேயே இப்படி என்றால், ஒரு பாதுகாப்பும் இல்லாத நெடுஞ்சாலையில் எப்படி?

நம் ஈப்போவில் பிறந்த மிஷல் இயோ 1992-இல் 'சூப்பர்காப்' படத்துக்காக ஓடும் ரயிலின் மீது மோட்டார் சைக்கிளில் பாய்ந்தார். அந்தக் காட்சி மலேசியாவில் எடுக்கப்பட்டது. அந்தப் படத்தில் நல்ல வழக்கம் ஒன்று உண்டு. படம் முடிந்து பெயர்கள் ஓடும்போது, தவறி விழுந்த காட்சிகளையும் காட்டினார்கள். பாய்ச்சலுக்குப் பின்னால் எத்தனை முறை அடிபட வேண்டியிருக்கிறது என்று ரசிகர்கள் தெரிந்துகொண்டார்கள். இன்றைய கைப்பேசிக் காணொளியில் வெற்றிகரமான 15 விநாடி மட்டுமே வருகிறது.

யார் என்ன செய்ய வேண்டும்?

பிரிக்பீல்ட்ஸில் ஒரு வாடகை அறை. அதில் தங்கி வாய்ப்புக்காகக் காத்திருக்கும் ஓர் இளம் அறிவிப்பாளரை நினைத்துப் பாருங்கள். மாதச் சம்பளம் கிடையாது, நிகழ்ச்சிக்கு இவ்வளவு என்று பேச்சு. தயாரிப்பாளர் காரைக் காட்டி, "தம்பி, கொஞ்சம் வேகமாக ஓட்டினால் காட்சி நன்றாக இருக்கும்" என்கிறார். மறுத்தால் அடுத்த வாரம் அந்த நாற்காலியில் வேறு ஒருவர். அந்த நேரத்தில் "சரி அண்ணே" என்பது துணிச்சலா, பயமா? பெரும்பாலும் பயம்தான். வாய்ப்பு போய்விடுமோ என்ற பயம், மரணத்தின் மீதுள்ள பயத்தை விடப் பெரிதாகிவிடுகிறது.

ஆகவே பொறுப்பு முதலில் தயாரிப்பாளருக்கு. ஆபத்தான காட்சி என்றால் என்னென்ன நடக்கக்கூடும் என்று எழுத்தில் இருக்க வேண்டும். படப்பிடிப்பை நிறுத்தும் அதிகாரம் உள்ள பாதுகாப்பு அலுவலர் ஒருவர் வேண்டும். அவர் இயக்குநரின் கீழ் வேலை செய்பவராக இருக்கக் கூடாது. ஆம்புலன்ஸும் காப்புறுதியும் வேண்டும். மறுத்தால் வேலை போகாது என்ற வரி ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும். கடைசி வரிதான் முக்கியம்.

அறிவிப்பாளர்கள் கேட்க வேண்டிய கேள்விகளும் உண்டு. வண்டியை யார் சோதித்தார்கள்? டயரை ஒவ்வொரு ஓட்டத்துக்கும் முன் பார்த்தார்களா? எத்தனை முறை ஓட்ட வேண்டும்? "இன்னும் ஒரு தடவை" என்று யார் சொல்கிறார்கள், எதற்காக? ஹேமண்ட் விழுந்தது முதல் ஓட்டத்தில் அல்ல, ஏழாவதில். ஆறு முறை ஒன்றும் ஆகவில்லை என்பது ஏழாவதுக்கு உத்தரவாதம் அல்ல.

பெற்றோர்களுக்கும் ஒரு வார்த்தை. பிள்ளை மோட்டார் கேட்டால் வாங்கிக் கொடுப்பதோடு கடமை முடியவில்லை. அவன் கைப்பேசியில் என்ன காணொளி போடுகிறான் என்றும் பாருங்கள். திட்டுவதற்காக அல்ல, பேசுவதற்காக. நேயர்களும் ஒன்று செய்யலாம். பொதுச் சாலையில் உயிரோடு விளையாடும் காட்சியைப் பார்த்தால் 'லைக்' போடாமல் நகர்ந்துவிடுங்கள். யாரும் பார்க்காத சாகசத்தை யாரும் செய்வதில்லை.

ஆழம் தெரியாமல் காலை விடாதே என்று நம் பாட்டிமார்கள் சொன்னார்கள். கேமரா ஓடிக்கொண்டிருக்கும்போது, எல்லாரும் காத்திருக்கும்போது, சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, "இது வேண்டாம் அண்ணே, வேறு விதமாக எடுப்போம்" என்று சொல்ல ஒரு துணிச்சல் வேண்டும். அதை எந்தக் கேமராவும் படம் பிடிப்பதில்லை. ஆனால் அன்றிரவு அந்த அறிவிப்பாளர் வீடு திரும்புவார். கதவைத் திறக்கும் அம்மாவுக்கு அது போதும்.