லயத்து வாசலில் ஒரு பிச்சிக்கொடி



பற்றிப் படரக் கொழுகொம்பின்றித் தவித்த முல்லைக்குப் பறம்புமலைப் பாரி தன் தேரையே ஈந்தான் என்பது நாம் அனைவரும் அறிந்த செய்தி. கொடிக்கு வேண்டுவது பரந்த நிலம் அன்று. வேரூன்ற ஒரு முழ மண்ணும், பற்றிக்கொள்ள ஒரு துணையுமே.

பொகவந்தலாவைப் பள்ளத்தாக்கில் கண்ணுக்கெட்டிய தொலைவு தேயிலையே. அதனைப் பேணும் குடும்பங்கள் பலவற்றுக்கு, லயத்து அறையும் அதன் வாசலும் அன்றி வேறு இடம் இன்றும் இல்லை. அந்த வாசலுக்கு ஏற்ற கொடி பிச்சி. சாதிமல்லிகை என்பதும் இதுவே. பிரான்சு நாட்டின் கிராஸ் நகரில் வாசனைத் தைலத்துக்காக நெடுங்காலமாக வளர்க்கப்படும் கொடி இது. மிதமான மலைக் குளிரைத் தாங்கும்.

சித்திரை மழையில் நடுவது நன்று. பெருமழைக்கு முன் வேர் பிடித்துவிடும். காலை வெயில் படும் பக்கத்தில் ஒரு முழ ஆழம் குழி தோண்டி, மக்கிய சாணம் இடுங்கள். தேயிலை விரும்பும் புளிப்பு மண் பிச்சிக்கு ஒவ்வாது. அடுப்புச் சாம்பல் ஒரு கைப்பிடி சேர்த்தால் அப்புளிப்புச் சற்றுத் தணியும். கூரை நீர் நேரே விழும் இடம் ஆகாது. அடிமண்ணை மேடாக்கி, அருகே சிறு கான் வெட்டிவிடுங்கள். நீர் தேங்கினால் வேர் அழுகிவிடும். கொடி படர இரண்டு கம்பும் ஒரு கம்பித் துண்டும் போதும்.

இனி முக்கியமான ஒன்று. கொடி செழித்தும் பூக்கவில்லையே என்று பலர் வருந்துவர். பிச்சி பூப்பது புதுத் தளிரில். ஆகையால் ஆண்டுக்கு ஒரு முறை, மழை ஓய்ந்த தை மாதத்தில், முழங்கால் உயரத்துக்குக் கவ்வாத்துச் செய்தல் வேண்டும். கவ்வாத்து நம்மவர்க்குப் புதிதன்று. தேயிலையை வெட்டி வெட்டியே தளிர்க்கச் செய்த கைகள் அல்லவா இவை! நாற்றுக்கும் செலவில்லை, தாழ்ந்த கிளையொன்றை வளைத்து மண்ணில் பதியமிட்டால், அண்டை வீட்டுக்கும் ஒரு கன்று கிடைத்துவிடும்.

தேயிலைக் கொழுந்து நிறுவைக்குப் போகிறது. பிச்சி மலரோ நம் வீட்டுப் பெண்ணின் கூந்தலுக்கும், சுவாமி படத்துக்கும் உரியது. தன் வாசலில் ஒரு கொடி பூப்பதைக் கண்டு வளரும் பிள்ளை, தனக்கென ஒரு காணி வேண்டும் என்று கேட்கவும் கற்றுக்கொள்ளும்.