ஏல மலைப் படமும் எல்லோருக்குமான இணையமும்

இணையத்தில் ஒரு படத்தைப் பார்ப்பது வேறு, அதை எடுத்துப் பயன்படுத்துவது வேறு. இரண்டுக்கும் இடம் தருகிற பகுதியைத் திறந்த இணையம் என்கிறார்கள். போடி என்று சுருக்கமாக அழைக்கப்படும் போடிநாயக்கனூரிலிருந்து முந்தல் தாண்டிப் போடிமெட்டுக்கு ஏறும் சாலையில், கொண்டை ஊசி வளைவுகளைப் படம் பிடிக்காமல் மேலே போகிறவர்கள் குறைவு. அந்தப் படங்கள் இன்ஸ்டாகிராமிலும் வாட்ஸ்அப்பிலும் நாள்தோறும் குவிகின்றன. ஆனால் தேனி மாவட்டத்தின் மலைகளைப் பற்றி ஒருவர் சிறு நூல் எழுதி, அவற்றில் ஒரு படத்தை அட்டையில் போட நினைத்தால், எடுத்தவரைத் தேடிப்பிடித்து அனுமதி கேட்டாக வேண்டும். கைமாறிக் கைமாறி வந்த படத்தில் எடுத்தவர் பெயர் எப்போதோ உதிர்ந்திருக்கும்.

உலகளாவிய வலை தொடக்கத்தில் இப்படி இல்லை. டிம் பெர்னர்ஸ்-லீ அதை வடிவமைத்த செர்ன் ஆய்வகம், 1993 ஏப்ரல் 30 அன்று அதன் மென்பொருளை யார் வேண்டுமானாலும் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம் என்று பொதுவுடைமையாக்கியது. பூட்டு பின்னால் வந்தது. அதில் ஒரு பாதியை நிறுவனங்களின் செயலிகள் போட்டன, மறு பாதியைச் சட்டம் போட்டது.

இந்தியாவில் பதிப்புரிமைக்கு யாரும் விண்ணப்பிக்க வேண்டியதில்லை. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, படம் எடுத்த கணத்திலேயே அந்த உரிமை பிறந்துவிடுகிறது. 2012 வரை ஒளிப்படத்துக்கு அது வெளியான பிறகு 60 ஆண்டுகள் பாதுகாப்பு இருந்தது. அந்த ஆண்டில் வந்த திருத்தம் அதை, எடுத்தவரின் ஆயுள் முழுவதும், அதற்குப் பின்னர் 60 ஆண்டுகளும் என்று நீட்டிவிட்டது. இன்று போடிக்கு அருகே குரங்கணி அடிவாரத்தில் ஒரு கல்லூரி மாணவர் எடுக்கும் செல்ஃபி, அவருடைய பேரப்பிள்ளைகள் முதுமை அடையும் வரை பூட்டியே கிடக்கலாம். இப்படிப் பூட்டப்படுகிறவற்றில் பெரும்பாலானவை யாரும் விற்க நினைக்காத படங்கள் என்பதுதான் வேடிக்கை.

படத்துக்குள் இருக்கும் பொருளுக்கும் உரிமை உண்டு. கட்டடங்களையும், பொது இடத்தில் நிலையாக வைக்கப்பட்ட சிலைகளையும் படமெடுத்து வெளியிடலாம் என்று அதே சட்டத்தின் 52ஆம் பிரிவு விலக்குத் தருகிறது. அண்மையில் தீட்டிய சுவரோவியத்துக்கு அந்த விலக்கு இல்லை. போடி ஜமீன் அரண்மனையின் பழைய ஓவியங்கள் போன்றவை வயதாலேயே உரிமைக் காலத்தைக் கடந்தவை; அங்கே பதிப்புரிமைச் சிக்கல் எழாது, உள்ளே போக உரிமையாளரின் அனுமதி மட்டும் வேண்டும்.

பூட்டைத் திறக்கும் சாவி எடுத்தவர் கையில்தான் இருக்கிறது. 2002 டிசம்பரில் வெளியான கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமங்கள் அந்தச் சாவிக்கு ஒழுங்கான வடிவம் கொடுத்தன. உரிமை, படம் எடுத்தவரிடமே இருக்கும். ஆனால் இன்ன நிபந்தனையோடு யாரும் பயன்படுத்தலாம் என்று அவர் முன்கூட்டியே எழுதிக் கொடுத்துவிடுகிறார். பெயர் குறிப்பிட்டால் போதும் என்பது எளிய நிபந்தனை. மாற்றி வெளியிடுகிறவரும் அதே உரிமத்தில் வெளியிட வேண்டும் என்பது அடுத்தது. வணிகப் பயன்பாடு கூடாது, மாற்றம் கூடாது என்ற இரண்டும் கூடுதல் கட்டுகள். வணிகம் கூடாது என்ற கட்டைப் பலர் பாதுகாப்பு என்று நினைத்துத் தேர்கிறார்கள். அதனால் முதலில் தடுக்கப்படுவது பெரிய விளம்பர நிறுவனம் அல்ல, விலை வைத்து நூல் விற்கும் சின்னப் பதிப்பகம்தான். ஒருமுறை தந்த உரிமத்தை, அதன்படி படத்தை எடுத்துக்கொண்டவரிடமிருந்து திரும்பப் பெற முடியாது. எனவே படத்தைத் தருமுன் யோசிக்க வேண்டும்.

விக்கிப்பீடியாக்களுக்கெல்லாம் பொதுப் படக்கிடங்கான விக்கிமீடியா காமன்ஸ் 2004 செப்டம்பரில் தொடங்கியது. மேலே சொன்ன இரண்டு கூடுதல் கட்டுகளில் எது இருந்தாலும் அந்தப் படத்தை அது ஏற்பதில்லை. தமிழ் விக்கிப்பீடியர்கள் 2011 நவம்பரிலிருந்து 2012 பிப்ரவரி வரை ஓர் ஊடகப் போட்டி நடத்தி, தமிழர் வாழ்வு சார்ந்த ஆயிரக்கணக்கான கோப்புகளை அந்தக் கிடங்கில் சேர்த்தார்கள். திறந்த உரிமத்தில் படங்களைச் சேர்க்கும் முயற்சிக்குத் தமிழ்ச் சூழலில் அது நல்ல முன்மாதிரி.

அப்படிச் சேர்ப்பதற்கு, போடிக்கு மேலே உள்ள ஏல மலைச் சரிவில் படத்துக்குப் பஞ்சமில்லை. எல்லோரும் ஒரே படத்தை எடுப்பதுதான் குறை. தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் மேகம் கேரளப் பக்கம் மழையைக் கொட்டிவிட்டு, முகட்டைத் தாண்டிச் சரிந்து, போடிக்கு மேலே வெயிலில் கரைந்துபோகும். இந்தக் காட்சியைத்தான் பெரும்பாலோர் பிடிக்கிறார்கள். மலைக்கு மேல், தோட்டத்துக்குள் போனால் நிலைமை வேறு. ஏலம் மர நிழலில் வளரும் செடி. பூவும் காயும் தட்டையின் அடியிலிருந்து தரையை ஒட்டி நீளும் சரங்களில் வருகின்றன. வெள்ளை இதழில் ஊதாக் கோடுகள் ஓடும் சின்னப் பூ. அதிகாலையில் விரிந்து ஒரு நாளிலேயே வாடிவிடும். அதைப் பிடிக்கக் கேமராவைத் தரைக்கு இறக்க வேண்டும். வெளிச்சம் குறைந்த இடத்தில் கைப்பேசி ஒளியை அதிக நேரம் உள்ளே விடும், கை சற்று ஆடினாலும் படம் கலங்கும். எனவே கேமராவைக் கல்லிலோ மண்ணிலோ ஊன்றி வைப்பது நல்லது. இருண்ட மண்ணைப் பார்த்துக் கேமரா வெளிச்சத்தைக் கூட்டிவிடுவதால் பூ வெளிறிப்போகும். அங்கே வெளிச்ச அளவைக் குறைக்க வேண்டும். மூடுபனியில் நேர்மாறு: வெண்மையைச் சாம்பலாக்குவது கேமராவின் இயல்பு, அளவைக் கூட்டினால்தான் பனி பனியாக வரும்.

காய் பறிப்பது ஆடிக்குப் பிறகு சூடுபிடிக்கும். ஸ்டோர் எனப்படும் உலர் கூடத்தில் காயை உலர்த்துவது, சல்லடையில் பருமன் பார்த்துப் பிரிப்பது, போடியில் ஸ்பைசஸ் போர்டின் மின்னணு ஏலத்தில் வியாபாரிகள் மாதிரிக் காயைக் கையில் உருட்டிப் பார்த்துவிட்டுத் திரையில் விலை கேட்பது என்று தொழிலின் ஒவ்வொரு படியும் படத்துக்கு உரியது. மேகத்தைவிட இவைதான் பொதுக் கிடங்குக்கு அவசரமாகத் தேவை. விடியுமுன் ஜீப்பில் மலையேறும் தோட்டத் தொழிலாளிப் பெண்களை எடுக்கும்போது ஒரு வேறுபாட்டை மறக்கக்கூடாது. உரிமம், படம் எடுத்தவரின் உரிமையைப் பற்றியது. படத்தில் இருப்பவரின் சம்மதம் அதில் அடங்காது. இந்த முகம் உலகில் யார் கையிலும், எந்த விளம்பரத்திலும் வரக்கூடும் என்று சொல்லிக் கேட்பதுதான் கேட்பது.

காட்டுக்குள் நுழைய வனத்துறை அனுமதி வேண்டும். 2018 மார்ச்சில் குரங்கணிக் காட்டுத்தீ மலையேறிகள் 23 பேரின் உயிரைப் பறித்தது. அந்த மலையில் அனுமதி வெறும் காகிதச் சடங்கல்ல. அரிய செடி, விலங்கு ஆகியவற்றின் படங்களில் கைப்பேசி தானாகப் பதியும் இடக்குறியை அழித்துவிட்டுப் பதிவேற்ற வேண்டும். இல்லையென்றால் செடியைப் பறிக்கிறவருக்கும் விலங்கைப் பிடிக்கிறவருக்கும் அது வழிகாட்டியாகிவிடும்.

ஓரிடத்தில் போட்டுவிட்டால் படம் நிலைத்துவிடும் என்று நம்புவதற்கில்லை. ஊர்களின் படங்களை வரைபடத்தில் பொருத்திக் காட்டிய பனோராமியோவை கூகுள் 2016 நவம்பரில் மூடியது. 2018இல் ஃபிளிக்கர் இலவசக் கணக்குகளுக்கு 1,000 படம் என்று வரம்பு வைத்து, மிகுதியை நீக்கப்போவதாக அறிவித்தபோது, அதற்கு முன்பே கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் ஏற்றப்பட்டிருந்தவற்றுக்கு விலக்குத் தந்தது. திறந்த உரிமம் இருந்தால் யாரும் படி எடுத்து வேறிடத்தில் வைக்கலாம். உரிமம் எழுதாத பழைய படங்களுக்கு அந்த வழி இல்லை. மதுரையிலிருந்து போடிக்கு 1928இல் வந்த மீட்டர் பாதை ரயில் அகலப் பாதைப் பணிக்காக நின்றது; 2023 ஜூன் 15 அன்றுதான் அகலப் பாதையில் ரயில் மீண்டும் போடியை எட்டியது. பழைய ரயிலை இனி ஒருவரும் எடுக்க முடியாது. அப்போது எடுத்தவர்களின் பெட்டிகளிலும் பழைய கைப்பேசிகளிலும் கிடப்பவைதான் மிச்சம். அவற்றுக்கு உரிமம் எழுத எடுத்தவரோ அவருடைய வாரிசோதான் முன்வர வேண்டும்.

பதிவேற்றும்போது எழுதும் விளக்கம் படத்தின் பாதி. ‘போடி மலை’ என்று மட்டும் எழுதினால் எந்த மலை என்று தெரியாது. எடுத்த இடம், கேமரா பார்த்த திசை, நாள், படத்தில் உள்ள செடியின் அல்லது ஊரின் பெயர் ஆகியவை தமிழிலும் ஆங்கிலத்திலும் இருந்தால் தேடுகிறவர் கண்ணில் படும். நாள் ஏன் முக்கியம் என்பதற்குக் குறிஞ்சியே சான்று. 12 ஆண்டுக்கு ஒருமுறை பூக்கும் நீலக்குறிஞ்சி மூணாறு மலைகளில் 2018இல் பூத்தது. கேரளத்தின் சாந்தன்பாறைக்கு அருகே கள்ளிப்பாறையில் 2022 அக்டோபரில் பூத்தது. ஆண்டும் இடமும் எழுதாத குறிஞ்சிப் படத்தை வைத்துக்கொண்டு, எந்தச் சரிவு எந்தச் சுற்றில் பூக்கிறது என்று ஆய்வாளர் கண்டுபிடிக்க முடியாது.