பக்கத்தில் இரண்டு பேர் நிற்கட்டும்

(ஊக்குநர், பிரதிநிதிகள் பயிற்சி நாளன்று பேசியதன் எழுத்து வடிவம்)



காலையிலிருந்து கணக்குப் பயிற்சி நடந்தது. எல்லாருக்கும் கண்ணைக் கட்டுகிறது, தெரிகிறது. அதனால் இந்த அரை மணி நேரம் பேரேட்டையும் ரொக்கப் புத்தகத்தையும் திறக்கப் போவதில்லை. போன கூட்டத்தில் பின்வரிசையிலிருந்து ஒரு அக்கா ஒரு கேள்வி கேட்டார்கள். "தொண்டு நிறுவனத்துக்காரங்க இனிமே வரமாட்டாங்கன்னா, குழுவை யாருங்க நடத்துறது?" என்று. அன்றைக்கு நாங்கள் ஏதோ சொல்லிச் சமாளித்துவிட்டோம். உண்மையைச் சொன்னால் எங்களிடம் பதில் இல்லை.

அதற்குப் பிறகு கேரளாவில் மகளிர் குழுக்களைப் பார்வையிடப் போனோம் அல்லவா, அப்போது கடைசி நாள் கொச்சியில் மட்டாஞ்சேரிக்கும் கூட்டிப் போனார்கள். அங்கே 1568-ல் கட்டிய யூதர்களின் ஜெப ஆலயம் இருக்கிறது. யூதர்கள் யார் என்று சிலர் கேட்பீர்கள். இயேசுநாதர் பிறந்த இனம் என்றால் புரியும். அந்த இனத்தில் ஒரு பிரிவினர் ஆயிரம் வருஷத்துக்கும் மேலாக மலையாளக் கரையில் வாழ்ந்து, மலையாளம் பேசி, மிளகு வியாபாரம் செய்தவர்கள். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனால் தரை முழுக்க சீனாவிலிருந்து வந்த நீலமும் வெள்ளையுமான ஓடு. கையால் வரைந்தது. நாங்கள் தரையையே பார்த்துக்கொண்டு நின்றுவிட்டோம்.

அப்புறம்தான் ஒரு விஷயம் காதில் விழுந்தது. இந்த ஜனங்களுக்கு ரபி என்று சொல்லப்படும் படித்துப் பட்டம் பெற்ற குரு பெரும்பாலும் இருந்ததே இல்லையாம். வேதம் வாசிப்பது, கல்யாணம், சாவு, பண்டிகை எல்லாம் உள்ளூர்ப் பெரியவர்களும் கற்றுக்கொண்ட சாதாரண ஆட்களும் பார்த்துக்கொண்டார்கள். எங்களுக்கு உடனே அந்தப் பின்வரிசை அக்காவின் கேள்வி ஞாபகம் வந்தது. ஊருக்கு வந்த பிறகு இது பற்றி விசாரித்தும் படித்தும் தெரிந்துகொண்டதைத்தான் இப்போது சொல்கிறோம்.

யூதர்கள் சேர்ந்து முழு வழிபாடு நடத்தப் பத்துப் பேர் வேண்டும். அது நம்ம குழுவின் கோரம் மாதிரி. அந்தப் பத்துப் பேரில் விஷயம் தெரிந்த யார் வேண்டுமானாலும் முன்னே நின்று நடத்தலாம். குரு வந்தால்தான் நடக்கும் என்றில்லை. பழைய முறைப்படி இந்தப் பத்தும் பதின்மூன்று வயது நிரம்பிய ஆண்களாக இருக்க வேண்டும். பெண்கள் கணக்கில் வரமாட்டார்கள். (முணுமுணுப்பு கேட்கிறது. இருங்க, அதுக்கும் வர்றோம்.)

ஓய்வுநாளான சனிக்கிழமை அவர்கள் தோரா என்ற வேதச் சுருளை வாசிப்பார்கள். பைபிளில் முதலில் வரும் ஐந்து ஆகமங்கள்தான் அது. வாசிப்பது சுலபம் இல்லை. அந்தச் சுருளில் வெறும் மெய்யெழுத்துதான் இருக்கும். நம்ம எழுத்தில் கொம்பு, கால், புள்ளி எல்லாவற்றையும் எடுத்துவிட்டால் எப்படி இருக்கும், யோசித்துப் பாருங்கள். கி, கு, கெ, கோ எல்லாமே வெறும் 'க'. வாசிக்கிறவர் சரியான ஒலியையும் ராகத்தையும் முன்கூட்டியே மனப்பாடம் செய்துகொண்டு வர வேண்டும்.

இவ்வளவு கஷ்டமான வேலையைச் சாதாரண ஆட்களை வைத்து எப்படிச் செய்தார்கள்? அன்றைய பகுதியை ஏழாகப் பிரிக்கிறார்கள். ஏழு பேரைப் பேர் சொல்லி மேடைக்குக் கூப்பிடுகிறார்கள். வாசிக்கிறவர் பக்கத்தில் ஆட்கள் நிற்கிறார்கள். அவர்கள் கையில் இருக்கும் புத்தகத்தில் எல்லாக் குறியும் உண்டு. ஒரு சொல் தப்பாக வந்து அர்த்தம் மாறினால் அங்கேயே திருத்துகிறார்கள். வாசிக்கிறவர் திரும்ப வாசித்துவிட்டு மேலே போகிறார். அதற்காக அவரை இறக்கிவிடுவது இல்லை. தப்பு வரும் என்று முதலிலேயே எதிர்பார்த்துத்தான் பக்கத்தில் ஆளை நிறுத்தியிருக்கிறார்கள். எங்களுக்கு ரொம்பப் பிடித்த ஏற்பாடு இது.

ஆனால் இந்த ஏற்பாட்டுக்குள்ளேயே ஒரு சிக்கல் வந்தது. ஆதியில் கூப்பிடப்பட்ட ஒவ்வொருவரும் தன் பகுதியைத் தானே வாசித்தார்கள். வாசிக்கத் தெரியாதவர் கூசிப் போய் நின்றார். அவரைச் சங்கடப்படுத்த வேண்டாம் என்று, பல ஊர்களில் எல்லாருக்கும் சேர்த்து ஒருவரே வாசிப்பது வழக்கமாயிற்று. கூப்பிடப்பட்டவர் ஆசீர்வாதம் மட்டும் சொல்லிவிட்டுப் பக்கத்தில் நிற்பார். நல்ல எண்ணத்தில் செய்ததுதான். ஆனால் என்ன ஆகும்? வாசிக்கத் தெரிந்தவர் எண்ணிக்கை குறையும். ஏமன் நாட்டு யூதர்கள் மட்டும் பழைய வழக்கத்தை விடவில்லை. அங்கே அவரவர் பகுதியை அவரவரே வாசிக்க வேண்டும் என்பதால் சின்னப் பிள்ளைகளுக்கே கற்றுக்கொடுத்தார்கள். புத்தகத்துக்குப் பஞ்சம். ஒரு புத்தகத்தைச் சுற்றிப் பல பிள்ளைகள் உட்காருவார்கள். அதனால் பக்கவாட்டிலிருந்தும் தலைகீழாகவும் வாசிக்கப் பழகிவிட்டார்களாம்!

இன்னும் பழைய சங்கதி ஒன்று, எருசலேமில் அவர்களுடைய பெரிய ஆலயம் இருந்த காலத்தில். அந்த ஆலயம் கி.பி. 70-ல் இடிக்கப்பட்டது. அதற்கு முன்பு விவசாயிகள் வருஷத்தின் முதல் விளைச்சலை அத்தி, திராட்சை என்று கூடையில் எடுத்துப் போய் ஆலயத்தில் கொடுப்பார்கள். கொடுக்கும்போது எபிரெய மொழியில் சில வாக்கியங்கள் சொல்ல வேண்டும். தெரிந்தவர்கள் தாங்களே சொன்னார்கள். தெரியாதவர்களுக்கு ஒருவர் எடுத்துச் சொல்ல, அவர்கள் பின்னாலேயே சொன்னார்கள். கொஞ்ச நாளில் தெரியாதவர்கள் வருவதையே நிறுத்திவிட்டார்கள். "நமக்குச் சொல்லத் தெரியாதுன்னு ஊரே பார்க்குதே" என்ற வெட்கம்தான். அதன்பின் ஒரு முடிவு எடுத்தார்கள். தெரிந்தவரோ தெரியாதவரோ, எல்லாருக்கும் எடுத்துச் சொல்வது, எல்லாரும் பின்னாலேயே சொல்வது. இது அவர்களுடைய மிஷ்னா என்ற சட்ட நூலில் பதிவாகியிருக்கிறது.

இதைப் படித்தபோது எங்களுக்குச் சுருக்கென்றது. நம்ம கூட்டமைப்பிலேயே ஒரு குழுவில் ஒன்பது வருஷமாக ஒரே ஊக்குநர். நல்ல மனுஷி. எழுதத் தடுமாறுகிறவர்களைப் பார்த்துப் பரிதாபப்பட்டு எல்லாவற்றையும் தானே எழுதினார். மற்றவர்களும் "அக்கா எழுதினா கண்ணுல ஒத்திக்கலாம்" என்று விட்டுவிட்டார்கள். மகளின் பிரசவத்துக்கு அவர் வெளியூர் போய் மூன்று மாதம் ஆனது. கடனுக்காக வங்கியில் தீர்மானமும் கணக்கும் கேட்டார்கள். எழுத ஒரு கை இல்லை. விதைப்புக்குக் கடனை நம்பியிருந்த ஒரு சகோதரி தோட்டைக் கழற்றி அடகு வைத்தார். தப்பு அந்த ஊக்குநர் மேல் இல்லை. அவர் நோட்டைப் பார்த்து வருஷா வருஷம் "பிரமாதம்" என்று பாராட்டியது நாங்கள்தான். அடுத்த ஆள் யார் என்று நாங்கள் ஒருமுறைகூடக் கேட்கவில்லை.

சரி, கொச்சிக்குத் திரும்புவோம். அங்கே எல்லாம் நன்றாக இருந்தது என்று சொன்னால் அது பொய். மட்டாஞ்சேரியில் நாங்கள் பார்த்த அதே ஆலயத்தில், அடிமை வழி வந்தவர்கள் என்று முத்திரை குத்தப்பட்ட சில குடும்பங்களை மற்றவர்களோடு சமமாக உட்கார விடவில்லை. தோரா வாசிக்கவும் கூப்பிடவில்லை. சாதிக் கொடுமை எந்த மதத்துக்குள்ளும் நுழைந்துவிடுகிறது பாருங்கள். பத்துப் பேர் சேர்ந்தால்தான் வழிபாடு என்ற சமூகம், இருக்கிற ஆட்களிலேயே சிலரை வாசலில் நிறுத்தி வைத்திருந்தது! அந்தக் குடும்பங்களில் ஒன்றில் 1882-ல் பிறந்தவர் ஏ.பி. சேலம். சென்னையில் படித்துப் பட்டம் வாங்கி வழக்கறிஞர் ஆனவர். கொச்சி சட்டசபை உறுப்பினராகவும் இருந்தார். காந்தியடிகளின் சத்தியாக்கிரக வழியைத் தன் சொந்த ஆலயத்துக்குள்ளேயே கையாண்டார். 'யூத காந்தி' என்றே அவரைச் சொன்னார்கள். அடி தடி இல்லை. பல வருஷம் பிடித்தது. அதற்குப் பிறகுதான் அந்தத் தடைகள் ஒவ்வொன்றாக உடைந்தன.

இப்போது பெண்கள் விஷயம். கேரளத்து ஜெப ஆலயங்களில் வேறெங்கும் எளிதில் பார்க்க முடியாத ஒன்று உண்டு. வேதம் வாசிக்கும் மேடை கீழே ஒன்று, மாடியில் ஒன்று. மாடி மேடைக்குப் பின்னால்தான் தடுப்புக்கு அந்தப் பக்கம் பெண்கள் உட்காரும் இடம். வாசிப்பது காதுக்குப் பக்கத்திலேயே கேட்கும். ஆனால் வாசிக்க முடியாது.

அந்தப் பெண்கள் சும்மா இருக்கவில்லை. கல்யாணத்துக்கும் பண்டிகைக்கும் மலையாளத்தில் பாடினார்கள். வேதத்துக் கதைகள், பெண்ணை வாழ்த்துவது, ஊர்ச் செய்தி எல்லாம் பாட்டாக. அவற்றை நோட்டில் கையால் எழுதி வைத்தார்கள். அம்மா நோட்டைப் பார்த்து மகள் எழுதினாள், ஒருத்தி நோட்டைப் பார்த்து இன்னொருத்தி எழுதினாள். அவர்களை யாரும் தலைவி என்று தேர்ந்தெடுக்கவில்லை. 1948-ல் இஸ்ரேல் நாடு உருவான பிறகு, 1950-களில் கொச்சி யூதர்களில் பெரும்பாலோர் அங்கே குடியேறினார்கள். நோட்டுகளும் பெட்டியில் ஏறிக் கடல் தாண்டின. ஒரே ஒருத்தியிடம் ஒரே ஒரு நோட்டு இருந்திருந்தால், அது தொலைந்த அன்றே எல்லாம் முடிந்திருக்கும். பல கைகளில் பல நோட்டு இருந்ததால் பாட்டு பிழைத்தது. சேலம் பிறந்த அதே ஒதுக்கப்பட்ட பிரிவில் 1912-ல் பிறந்த ரூபி டேனியல் என்ற அம்மையார் அந்தப் பாட்டுகளை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார். தன் வாழ்க்கையையும் ஊரையும் பற்றி 1995-ல் புத்தகமே கொண்டுவந்தார். அப்போது அவருக்கு எண்பது வயது தாண்டிவிட்டது.

பல நாடுகளில் இன்று சில யூதப் பிரிவுகள் பெண்களையும் அந்தப் பத்தில் சேர்த்து எண்ணுகின்றன. பெண்கள் தோரா வாசிக்கிறார்கள், வழிபாட்டை முன்நின்று நடத்துகிறார்கள். பழைய முறைக்காரர்கள் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை. மட்டாஞ்சேரியிலோ, குடியேற்றத்துக்குப் பிறகு உள்ளூர் ஆட்கள் குறைந்துகொண்டே வந்து, பத்தாவது ஆளுக்குச் சுற்றுலா வந்த யூதர்களை எதிர்பார்க்கும் நிலை வந்தது. கூப்பிடாமல் வைத்திருந்தவர்களை இன்னும் முன்னாலேயே கூப்பிட்டிருக்கலாம் என்று எங்களுக்குத் தோன்றியது. அது வெளியாட்கள் நினைப்பு. அவர்கள் கஷ்டம் அவர்களுக்குத்தான் தெரியும்.

டீ வந்துவிட்டது, முடித்துக்கொள்கிறோம். அடுத்த மாதக் கூட்டத்தில் தீர்மானப் புத்தகத்தை ஊக்குநர் வாசிக்க வேண்டாம். இதுவரை வாசிக்காத ஒருவர் வாசிக்கட்டும். முழுப் பக்கமும் வேண்டாம், நாலே வரி. தேதி, வந்தவர் எண்ணிக்கை, சேமிப்புத் தொகை, வசூலான தவணை. அடுத்த நாலு வரி இன்னொருவர். நன்றாக வாசிக்கிறவருக்கும் சரி, தடுமாறுகிறவருக்கும் சரி, பக்கத்தில் இரண்டு பேர் நிற்பார்கள். முதல் ஆளாக வாசிக்கப் போன கூட்டத்தில் கேள்வி கேட்ட அக்காவே பேர் கொடுத்திருக்கிறார்கள். கண்ணாடி வாங்கணும், ஒரு வாரம் டைம் கொடுங்க என்று மட்டும் கேட்டிருக்கிறார்கள்.