மீட்கச் சென்றவரின் துயரம்

(பங்சாரில் தோட்டத் தொழிலாளரிடையே நிகழ்த்திய உரை)



நாம் கூடியிருக்கும் இப்பங்சார், முன்னாளில் உங்கள் தோட்டங்களைப் போன்றே பால்மரங்கள் நின்ற இடமாகும். புஞ்சே, கிரிசார் என்னும் தோட்ட முதலாளிமார் இருவரின் பெயர்கள் இணைந்தே பங்சார் ஆயிற்று என்பர். ஆகவே இது உங்களுக்கு அயலூர் அன்று.

விபத்து நேர்ந்த இடத்திற்கு முதலில் ஓடுகின்றவரின் மனத்துயரைப் பற்றியே இன்று பேச விழைகின்றோம். தீயணைப்பு வீரரும் காவல் துறையினரும் ஆம்புலன்ஸ் ஊழியரும் மட்டுமே அத்தகையோர் என்று எண்ணிவிட வேண்டாம். லயத்தில் தீப்பற்றினாலும், குட்டையில் பிள்ளை விழுந்தாலும், பட்டணத்து வண்டி வந்து சேருமுன் ஓடுகின்றவர்கள் நீங்களே அல்லவா?

1993-ஆம் ஆண்டு டிசம்பர் 11-ஆம் நாள், உலு கிளாங்கில் ஹைலண்ட் டவர்ஸ் அடுக்குமாடிகள் மூன்றனுள் ஒன்று, பின்புறத்து மண் சரிந்ததனால் அடியோடு சாய்ந்தது. 48 பேர் மாண்டனர். இடிபாடுகளினின்று மூவரையே உயிருடன் எடுக்க இயன்றது. அவர்களிலும் ஒருவர் பின்னர் இறந்தார். உயிரைத் தேடி நாட்கணக்கில் தோண்டியவர்களின் கைகளுக்குக் கிட்டியவை பெரும்பாலும் உடல்களே. இதன் பின்னரே ஸ்மார்ட் எனப்படும் சிறப்பு மீட்புக் குழு நம் நாட்டில் அமைக்கப்பட்டது. கருவிகள் வந்தன, பயிற்சியும் வந்தது. ஆயினும் கண்ட காட்சியை நெஞ்சில் சுமப்பதற்கு எந்தக் கருவி உண்டு?

2018 அக்டோபர் 3-ஆம் நாள் பூச்சோங் வட்டாரத்துப் பழைய சுரங்கக் குட்டை ஒன்றில் விழுந்த 17 வயது இளைஞரைத் தேடி, ஒரே கயிற்றில் பிணைந்து நீரில் இறங்கிய தீயணைப்பு வீரர் அறுவர், நீரின் வேகத்தால் இழுக்கப்பட்டு உயிர் நீத்தனர். கரையில் நின்ற தோழர்களின் நிலையைச் சிறிது எண்ணிப் பாருங்கள். மறுநாளும் மணி அடித்தால் அவர்கள் வண்டி ஏற வேண்டியவர்களே.

இறந்தவருக்கு உறவினர் உண்டு. உறவினருக்குத் துக்கம் காக்க நாளும் முறையும் உண்டு. காடாத்திலும் கருமாதிப் பந்தலிலும் அழுகின்ற ஆண்மகனைக் கோழை என்று எவரும் இகழ்வதில்லை. மீட்கச் சென்றவருக்கோ அந்த உரிமையும் இல்லை. அவர் உறவினர் அல்லர். உடலைத் தூக்கிக் கொடுத்துவிட்டுக் குளித்து உறங்கப் போக வேண்டியவர். உறக்கம் வருவதில்லை. நடுநிசியில் அதே காட்சி, மூக்கில் அதே புகை நாற்றம். மனைவி மக்கள் மீது காரணமின்றிச் சினம். சிலருக்குச் சம்சு துணையாகி விடுகிறது. சயாம் மரண ரயில்பாதையில் தோழர்களைப் புதைத்துவிட்டுத் திரும்பிய நம் முன்னோருள் பலர் அதைப் பற்றி வாய் திறவாமலே வாழ்ந்து முடித்தனர்.

இங்குதான் சமயம் துணை நிற்கிறது என்பது எம் கருத்து. ருக்குன் நெகாராவின் முதற் கோட்பாடே இறைவன் மீது நம்பிக்கை வைத்தல் அன்றோ! முன்பின் அறியாதவருக்காகவும் ஒரு மோட்ச விளக்கு ஏற்றலாம். நம் இஸ்லாமிய சகோதரர் கூடித் தஹ்லீல் ஓதுகின்றனர். கிறிஸ்தவர் இறந்தோருக்குப் பூசை வைக்கின்றனர். அவ்வேளையில் மீட்டவரும் துக்கம் காக்கும் ஒருவராகிறார். அழ ஓர் இடம் கிடைக்கிறது. அருகே அமர ஆட்களும் கிடைக்கின்றனர்.

“எல்லாம் தலைவிதி” என்று அவர் வாயை அடைத்து விடாதீர்கள். அது ஆறுதல் அன்று. கும்பிட்டால் போதும், மருத்துவர் வேண்டாம் என்பதும் தவறே. மேற்கூறிய தொல்லைகள் ஒரு மாதத்திற்கு மேல் நீடித்தால் கிளினிக்கிற்கு அழைத்துச் செல்லுங்கள். சுகாதார அமைச்சின் 15555 என்னும் எண்ணும் உள்ளது.

உங்கள் தோட்டத்தில் அடுத்த கருமாதி நிகழும்போது, அன்று உடலைத் தூக்கி வந்தவர் எந்த லயத்தில் இருக்கிறார் என்று விசாரியுங்கள். அவருக்கும் சொல்லி அனுப்புங்கள். உறவினரோடு பந்தலில் அமர வையுங்கள்.