கூட்டுறவு இடாப்பும் தரவுக் கிடங்கும்



வன்னி நிலப்பரப்பில் ஏதோ ஒரு பலநோக்குக் கூட்டுறவுச் சங்கத்தின் வருடாந்தப் பொதுக்கூட்டம் நடைபெறுகின்றது என்று கொள்வோம். மண்டப வாயிலில் ஒரு மேசை; மேசைமேல் அங்கத்தவர் இடாப்பு. பெயரைப் பார்த்து ஒப்பம் பெற்று ஒவ்வொருவராக உள்ளே விடுகின்றார் எழுதுவினைஞர். ஒரு தாய் வந்து நிற்கின்றார். அச்சங்கத்தின் கடையிலே பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளாகச் சாமான் வாங்குபவர் அவர். சங்கத்தின் கிராமிய வங்கியிற் சேமிப்பும் உடையவர். ஆயினும் இடாப்பில் இருப்பது அவர் பெயரன்று. போரிலே மறைந்த கணவரின் பெயர். கடையின் கணினி அவரை அறியும். வங்கியின் கணினியும் அறியும். இடாப்பு மாத்திரம் அறியாது. தனித்தனியே கிடக்கும் இவ்வேடுகளை, கணினி நிரல் எழுதத் தெரியாதவரும் இணைக்கும் வழி ஒன்று இந்நாளில் வந்திருக்கின்றது. அதைப் பற்றியே பேச எண்ணுகின்றேன்.

கூட்டுறவுக்கு இவ்வினா புதிதன்று. 1844ஆம் ஆண்டு டிசம்பர் 21ஆம் நாள், இங்கிலாந்திலே ரொச்டேல் என்னும் நெசவூரில், இருபத்தெண்மர் கூடி ஒரு சிறு கடையைத் திறந்தனர். நுகர்வோர் கூட்டுறவுகளுக்கெல்லாம் முன்மாதிரியாக நிற்பது அக்கடையே. மிச்சப் பணத்தை, இட்ட முதலுக்கேற்ப அன்றிக் கடையில் வாங்கிய அளவுக்கேற்பப் பகிர்ந்தளிப்பது அவர்கள் வழக்கம். பங்கு எத்தனையாயினும் ஆளுக்கு ஒரு வாக்கு என்பது மற்றொரு விதி. முதலாவதற்கு யார் எவ்வளவு வாங்கினார் என்பது தெரியவேண்டும். இரண்டாவதற்கு யார் அங்கத்தவர் என்பது ஐயமறத் தெரியவேண்டும். இவ்விரண்டையும் பொருத்துவதற்குப் பிரித்தானியக் கூட்டுறவுக் கடைகள் ஒவ்வோர் அங்கத்தவருக்கும் ஓர் இலக்கம் வழங்கின. கடைக்குப் போகும் பிள்ளை அதைச் சொல்லியே சாமான் வாங்கும். தம் தாயாரின் அந்த இலக்கத்தை முதுமையிலும் மறவாதிருந்தோர் அந்நாட்டிற் பலர். இன்று கணினி அறிஞர் ‘திறவுகோல்’ என்று பெயரிட்டு விரித்துரைப்பது, அந்தப் பிள்ளையின் வாயில் இருந்த இலக்கத்தைத்தான்.

நம் நாட்டிலே 1911ஆம் ஆண்டின் கடனுதவிக் கூட்டுறவுச் சங்கக் கட்டளைச் சட்டம் இவ்வியக்கத்துக்கு அடிகோலியது. 1957இற் பலநோக்குச் சங்கங்கள் எழுந்தன. பலநோக்கு என்னும் பெயரிலேயே நமது சிக்கலும் அடங்கியிருக்கின்றது. ஒரே சங்கத்துக்குக் கடை உண்டு, கிராமிய வங்கி உண்டு. சிலவற்றுக்கு அரிசி ஆலையும் எரிபொருள் நிலையமும் உண்டு. ஒவ்வொன்றுக்கும் தனிக் கணக்கு, தனிப் பழக்கம். வன்னியிலோ இன்னொரு துயரமும் சேர்ந்தது. 2008, 2009ஆம் ஆண்டுகளில் ஊரோடு பெயர்ந்த மக்களுள், வீட்டுடன் பத்திரங்களையும் இழந்தோர் பலர்.

தரவுக் கிடங்கு என்பது யாது? ஐ.பி.எம். நிறுவனத்தைச் சார்ந்த பாரி டெவ்லின், போல் மர்பி என்போர் 1988இல் எழுதிய ஒரு கட்டுரை இக்கருத்தை விளக்கியது. அக்கட்டுரையைப் படியாத கமக்காரனுக்கும் இது எளிதில் விளங்கும். பல வயல்களின் நெல்லைத் தூற்றி, உலர்த்தி, ஒரே அளவையால் அளந்து ஓரிடத்தில் வைப்பது களஞ்சியம். அவ்வாறே கடைச் சிட்டை, வங்கிப் பதிவு, ஆலைக் கணக்கு ஆகியவற்றைத் துப்புரவு செய்து, ஒரே வடிவிலாக்கி ஓரிடத்திற் சேர்ப்பது தரவுக் கிடங்கு. அங்கத்தவர் இடாப்போ உயிருள்ள ஏடு. சந்தா, பங்குப்பணம், கூட்ட அறிவித்தல் யாவும் அதன் வழியே நடைபெறும். சிவிசிஆர்எம் போன்ற மென்பொருள்கள் அவ்வேட்டைக் கணினியில் நடத்தித் தருகின்றன.

கிடங்கையும் இடாப்பையும் இணைக்க, முன்பெல்லாம் ஒரு நிரலாளரை அமர்த்தவேண்டும். 2011இல் அமெரிக்காவிலே தோன்றிய ஸாப்பியர் போன்ற சேவைகள் அத்தேவையைக் குறைத்தன. திரையிலே இரண்டு பெட்டிகளை வைத்து, ‘இது நிகழ்ந்தால் அது செய்க’ என்று தெரிவு செய்தாற் போதும். ஆனால் இச்சேவைகள் பல, செய்யும் வேலையின் எண்ணிக்கைக்கேற்ப டொலரிற் கட்டணம் கேட்பவை. 2022இல் நமது ரூபா வீழ்ந்ததை அனுபவித்தவர்களுக்கு இதனை விரித்துரைக்க வேண்டியதில்லை. ஆகவே கடையின் ஒவ்வொரு சிட்டையையும் உடனுக்குடன் அனுப்புதல் வீண்செலவு; இரவில் ஒருமுறை கூட்டுத்தொகையை மாத்திரம் அனுப்புவதே சிக்கனம். 2019இற் பேர்லினில் உருவான என்8என் போன்ற ஒன்றைச் சங்கத்தின் சொந்தக் கணினியில் நிறுவிக்கொள்ளுதலும் கூடும். ஆயின், மின்சாரம் நின்றால் யார் பார்ப்பது என்பதை முதலிலேயே தீர்மானித்துவிட வேண்டும்.

இனி, பொருத்துதல் என்னும் கடினமான வேலைக்கு வருவோம். பெயரைக்கொண்டு பொருத்தலாகாது. ஒரே சண்முகநாதனை ஆங்கில எழுத்தில் நாலு விதமாக எழுதுகின்றோம். மணமானபின் பெண்ணின் முதலெழுத்தே மாறிவிடுகின்றது. தேசிய அடையாள அட்டை இலக்கமாவது உதவுமா எனின், உதவும். அதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. 2016ஆம் ஆண்டுக்கு முன் வழங்கிய அட்டைகளில் ஒன்பது இலக்கங்களும் இறுதியில் ஓர் ஆங்கில எழுத்தும் இருந்தன. பின்வந்தவை பன்னிரண்டு இலக்கங்கள் கொண்டவை. பழைய எண்ணின் முன்னே 19ஐச் சேர்த்து, அதன் ஐந்தாம் இலக்கத்துக்குப் பின் ஒரு சுழியம் இட்டு, எழுத்தை நீக்கினாற் புதிய எண் கிடைக்கும். இவ்விதியைக் கற்பியாவிடின், அட்டையை மாற்றிய ஒருவரை இயந்திரம் இருவராக எண்ணும். அன்றியும், பெண்களின் அட்டை எண்ணிற் பிறந்த நாளைக் குறிக்கும் பகுதியோடு 500 கூட்டப்பட்டிருக்கும். ஆதலின் ஆண்பெயர் ஒன்றின் எதிரே பெண்ணின் எண் நிற்குமாயின், இயந்திரமே அதனைச் சுட்டிக்காட்ட இயலும்.

இத்தகைய இணைப்புகளில் வழக்கமாகக் கிடைக்கும் கட்டளை ஒன்றுண்டு: ‘இருப்பின் திருத்துக, இல்லையேற் சேர்க்க.’ வணிக நிறுவனத்துக்கு இது வசதியானது. கூட்டுறவுச் சங்கத்திலோ இதன் பின்பாதி பெருங்கேடு. ஓர் எண் பிழையாகப் பதிந்த மாத்திரத்தில், இரவோடிரவாக இல்லாத அங்கத்தவர் ஒருவர் தோன்றிவிடுவார். ஆளுக்கு ஒரு வாக்கு உள்ள இடத்தில், அப்போலிப் பெயருக்கும் வாக்குண்டு. மறுபுறம், ‘பொருந்தாதவற்றைத் தள்ளுக’ என்று கட்டளையிட்டால், முன்சொன்ன தாயின் பத்தாண்டுக் கொள்வனவு ஓசையின்றி மறைந்துபோம். பிழையெனக் கூறும் ஒரு சொல்லும் திரையில் எழாது.

எனவே எனது துணிபு இது: இவ்விணைப்பு தொகைகளைக் கொண்டுசெல்லலாம், எவரையும் அங்கத்தவராக்கவோ நீக்கவோ கூடாது. அங்கத்துவம் விண்ணப்பத்தாலும் பங்குப்பணத்தாலும் சபையின் தீர்மானத்தாலும் வருவது; பொருத்தத்தால் வருவதன்று. இலக்கம் பொருந்தியவை இடாப்பிற் பதியட்டும். பொருந்தாதவை அனைத்தும் ஒரு தனித் தட்டில் வந்து விழட்டும். அதனைப் பார்ப்பதற்கு ஊரறிந்த ஒரு மனிதர் அமரட்டும். நிரல் எழுதாத முறையின் மெய்யான நன்மையை நான் இங்கேதான் காண்கின்றேன். விதியைத் திருத்தவேண்டின், கொழும்புக்கு எழுதிக் காத்திராது அந்த எழுதுவினைஞரே திருத்தலாம்.

எவை செல்லலாகாது என்பதையும் சொல்லவேண்டும். கிராமிய வங்கியில் ஒருவர் நகை அடகு வைத்த செய்தி, கடை மேசையில் நிற்கும் விற்பனையாளரின் கண்ணிற் படுதல் தகாது. சிற்றூரில் அது மானப் பிரச்சினை. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டமும், கூறிய நோக்கத்துக்குத் தேவையான அளவே தரவைக் கையாளுமாறு பணிக்கின்றது. மேலும், பட்டியல் என்ற சொல்லையே அச்சத்தோடு கேட்ட காலம் ஒன்று வன்னி மக்களுக்கு இருந்தது. தம்மைப் பற்றி எது எங்கே எழுதப்பட்டிருக்கின்றது என்று அவர்கள் கேட்பின், அச்செடுத்துக் கையிற் கொடுக்கும் வசதி இடாப்பில் இருக்கவேண்டும்.

திங்கட்கிழமை காலை எழுதுவினைஞர் அத்தட்டைத் திறக்கின்றார் என்று கொள்ளுங்கள். ஏழெட்டுப் பதிவுகள். சில வெறும் எழுத்துப் பிழை, திருத்திவிடுகின்றார். ஒன்றிலே, கணவரின் அங்கத்துவ இலக்கமும் ஒரு பெண்ணின் அட்டை எண்ணும் சேர்ந்து நிற்கின்றன. அவருக்கு அக்குடும்பத்தைத் தெரியும். பொத்தானை அழுத்தாமல், கணவர் தம் பங்குக்கு எவரையேனும் நியமித்திருந்தாரா என்று பழைய கோவையைப் பார்க்கின்றார். பின்னர் ஒரு விண்ணப்பப் படிவத்தை எடுத்து, அடுத்த சபைக் கூட்டம் எந்நாள் என்பதையும் அதன் மேற்புறத்திற் குறித்து, கிளைக்குழுத் தலைவரிடம் கொடுத்தனுப்புகின்றார். பொதுக்கூட்டத்துக்கு இன்னும் இரண்டு மாதம் இருக்கின்றது.