கேட்டில் ஒரு வேலை நோட்டு
(பொதுக்குழுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

செயலாளர் எனக்குப் பத்து நிமிஷம் கொடுத்திருக்கிறார். காபி வருவதற்குள் முடித்துவிடுகிறேன்.

போன வருஷம் கேட் பக்கம் தண்ணீர்க் குழாய் மாற்றத் தோண்டியது உங்களுக்கு நினைவிருக்கும். கடப்பாரை பூமிக்கடியில் இருந்த மின்சாரக் கேபிளில் பட்டது. நல்லவேளை, ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் பக்கத்துக் கட்டடத்தில் மோட்டார் போர்டு எரிந்து, நஷ்ட ஈடு கேட்டு வக்கீல் நோட்டீஸ் வந்தது. கேபிள் போகிற பாதையைக் காட்டினோம் என்று நாம் சொன்னோம். யாரும் காட்டவேயில்லை என்றார் காண்டிராக்டர். இரண்டு பேரிடமும் காகிதம் கிடையாது. வாட்ஸ்அப்பில் அனுப்பிய படம், முன்பு செயலாளராக இருந்தவரின் பழைய போனோடு போய்விட்டது. கடைசியில் பேசி முடித்து, பாதித் தொகையைச் சங்கம் கொடுத்தது. நீங்களும் நானும் கட்டிய மெயின்டனன்ஸ் பணம்தான் அது.

நான் 31 வருஷம் வங்கியில் குமாஸ்தா. தப்பாக எழுதினால் அழிக்கக் கூடாது. ஒரு கோடு போட்டு, பக்கத்தில் சரியானதை எழுதி, இனிஷியல் போட வேண்டும். நடுவில் வரி காலி விடக் கூடாது. அன்றைய வவுச்சர் அன்றைக்கே ஏற வேண்டும். அந்த நாளில் இதெல்லாம் மேனேஜர் கொடுக்கிற தொல்லை என்றுதான் நினைத்தேன். வங்கிப் புத்தகத்தின் சான்றிட்ட நகலைக் கோர்ட் ஏற்பதற்கென்றே 1891-ல் தனிச் சட்டம் போட்டிருக்கிறார்கள். நம் சங்கத்துக்கு அந்தச் சலுகை இல்லை. ஆனாலும் ஒழுங்காக எழுதிவரும் கணக்குப் புத்தகத்துக்குச் சாட்சியச் சட்டத்தில் இடம் உண்டு. 1872-ம் வருஷச் சட்டத்தில் 34-வது பிரிவு, இப்போதைய பாரதிய சாக்ஷிய அதிநியமில் 28-வது பிரிவு. அந்தப் பதிவு மட்டுமே ஒருவரைப் பொறுப்பாக்கப் போதாது என்றும் அதிலேயே இருக்கிறது. அதனால்தான் நோட்டோடு பில், போட்டோ, கையெழுத்து எல்லாம் சேர வேண்டும் என்கிறேன்.

எழுத வேண்டியது அதிகமில்லை. யார் வந்தார், எத்தனை மணிக்கு, என்ன வேலை, மெயின் சுவிட்சை யார் நிறுத்தினார், திரும்ப யார் போட்டார், நம் பக்கம் யார் கூட நின்றார். தோண்டுகிற வேலையானால் தோண்டும் முன் ஒரு போட்டோ, மூடும் முன் ஒரு போட்டோ. நோட்டீஸ் வந்த பிறகு உட்கார்ந்து ஒரே பேனாவில் ஆறு மாதத்தை எழுதினால் யாரும் நம்ப மாட்டார்கள். நான் ஆடிட்டர்களைப் பார்த்தவன். ஒரே மையைத்தான் முதலில் கவனிப்பார்கள்.

இனி செப்டிக் டேங்க். சிலர் என்னிடம், “சார், இறங்குகிற ஆளிடம் ‘என் சொந்தப் பொறுப்பில் இறங்குகிறேன்’ என்று எழுதி வாங்கிக்கொள்ளலாமே” என்கிறார்கள். தயவுசெய்து அந்த எண்ணத்தை விட்டுவிடுங்கள். கையால் கழிவு அள்ளுவதைத் தடைசெய்யும் 2013-ம் வருஷச் சட்டத்தின் 7-வது பிரிவு, பாதுகாப்புக் கருவி இல்லாமல் டேங்கில் ஆளை இறக்குவதையே தடுக்கிறது. முதல் தடவைக்கே 2 வருஷம் வரை சிறை, அல்லது 2 லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். சாக்கடையில் இறந்தவர் குடும்பத்துக்கு இழப்பீட்டை 10 லட்சத்திலிருந்து 30 லட்சமாக உயர்த்தும்படி உச்ச நீதிமன்றம் 2023 அக்டோபரில் சொல்லியது. சட்டம் தடுத்ததை ஒரு கையெழுத்து அனுமதிக்காது. அந்தக் காகிதம், ஆபத்து தெரிந்தேதான் இறக்கினோம் என்று நமக்கு எதிராகச் சொல்லும். பணம் ஒரு பக்கம் இருக்கட்டும், அங்கே விஷவாயு ஒரு மனிதனை மயக்கச் சில விநாடி போதும்.

சென்ற மாதம் லாரியோடு வந்த பையன் ஒருவன், “ஒரு நிமிஷம் சார், இறங்கி அடைப்பை எடுத்துட்டு வந்துடறேன்” என்றான். நான் மூடியைப் போடச் சொன்னேன். வாட்ச்மேனைக் கூப்பிட்டு, ‘ஆள் இறங்க அனுமதிக்கவில்லை, காலை 10.40’ என்று எழுதவைத்து, லாரிக்காரரிடம் கையெழுத்து வாங்கினேன். அவருக்குக் கோபம். பாதி வேலையோடு போனார். இரண்டு நாள் நாற்றத்துக்கு மூன்றாம் மாடிக்காரர்கள் என்னைத் திட்டியது எனக்குத் தெரியும்.

நோட்டு இப்போது செக்யூரிட்டி மேஜையில் இருக்கிறது, பக்கங்களுக்கு எண் போட்டாயிற்று. போட்டோக்களை யாருடைய போனிலும் வைக்க வேண்டாம், சங்கத்தின் மின்னஞ்சலுக்கு அனுப்புங்கள். வரும் சனிக்கிழமை காலை 9 மணிக்கு வேறு லாரி வருகிறது. செயலாளர் ஊரில் இல்லை. என்னோடு கூட நிற்க ஒருவர் வேண்டும். கண் நன்றாகத் தெரிகிறவராக இருந்தால் நல்லது, எனக்கு லாரி நம்பர் படிக்கவே சிரமமாக இருக்கிறது.