கைகுலுக்க வைப்பதல்ல ஆலோசனை



பள்ளி ஆலோசகர்களுக்குப் பயிற்சி என்றதும் என்ன நினைவுக்கு வருகிறது? தேர்வு பயம், கைபேசி, போதை, வளரிளம் பருவம். எல்லாமே தேவைதான். ஆனால் நாங்குநேரி மாணவன் பள்ளிக்கு வராமல் நின்றானே, அதை இதில் எந்தத் தலைப்பின் கீழ் எழுதுவீர்கள்?

2023 ஆகஸ்ட். பன்னிரண்டாம் வகுப்பு தலித் மாணவன். உடன் படித்த ஆதிக்கச் சாதி மாணவர்களின் தொல்லை தாங்காமல் பள்ளிக்குப் போவதை நிறுத்தினான். பள்ளி விசாரித்தது, நடந்ததைச் சொன்னான். அதன்பின் வீடு புகுந்து அவனை அரிவாளால் வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கையையும் வெட்டினார்கள்.

"மனம்விட்டுப் பேசு" என்பதுதான் நமக்குச் சொல்லித்தரப்படும் முதல் பாடம். பேசியவன் வீட்டுக்கு அரிவாள் வருகிறது தோழர்களே. அவன் எழுதிக்கொடுக்கும் காகிதம் யார் மேசைக்குப் போகிறது, அந்த மேசைக்காரர் யாருக்குச் சொந்தம், சாயங்காலத்துக்குள் ஊரில் யார் காதுக்கு எட்டும் என்று யோசிக்க எந்தப் பயிற்சியில் சொல்லித்தருகிறார்கள்?

இன்னொரு பழக்கம் இருக்கிறது. இரண்டு பேரையும் கூப்பிட்டு, "சின்னப் பசங்க சண்டை" என்று கைகுலுக்க வைத்து அனுப்புவது. அடித்தவனும் அடிவாங்கியவனும் சமம் என்று அங்கேயே தீர்ப்பாகிவிடுகிறது. சாதியைப் பற்றிப் பேசினால் பிள்ளைகள் மனதில் சாதி வந்துவிடும் என்பார்கள். கையில் சாதிக்கயிறு கட்டிக்கொண்டு வருகிற பிள்ளைக்கு அதை நாமா கட்டிவிட்டோம்? கட்டிவிட்டவர்கள் யார், அதை அவிழ்த்தால் அவனுக்கு என்ன பயம் என்று அவனிடமும் உட்கார்ந்து பேசத்தான் வேண்டும். அது தனி வேலை, இருவரையும் ஒரே அறையில் வைத்துச் செய்வதல்ல.

போக்சோ சட்டப்படி தகவல் தெரிவிப்பது கட்டாயம் என்பது நமக்கு மனப்பாடம். 1989 வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தை எத்தனை ஆலோசகர்கள் ஒருமுறையாவது முழுதாகப் படித்திருக்கிறோம்? நாங்குநேரிக்குப் பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு 2024இல் அறிக்கை கொடுத்தது. சாதிக்கயிறுக்குத் தடை, பெரிய பள்ளிகளுக்கு நல அலுவலர் என்று பல பரிந்துரைகள். அலுவலர் வரட்டும். அவர் எந்தப் பயிற்சியோடு வருவார் என்பதுதான் என் கவலை.

அந்தப் பயிற்சியில் ஒரு முழு நாளை இதற்கு ஒதுக்கக் கேட்கிறேன். பங்கேற்பவர்கள் முதலில் தங்கள் சாதி தங்களுக்கு என்ன கொடுத்தது என்று எழுதட்டும். மதியத்துக்கு மேல் ஒரே பயிற்சி: புகார் சொன்ன பையன் இன்று எந்தப் பேருந்தில், யாரோடு வீட்டுக்குப் போகிறான்?